ஐஸ் பெட்டி சொல்லாத பதில்: தானமாக வந்த கல்லீரலைக் காக்கும் வித்தை

ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்தால் முதலில் தெரிவது பொடித்த ஐஸ். அதை விலக்கினால் ஒன்றுக்குள் ஒன்றாகப் பிளாஸ்டிக் பைகள், ஒவ்வொன்றின் வாயும் தனித்தனியாக இறுகக் கட்டியிருக்கும். கடைசிப் பைக்குள், குளிர்ந்த திரவத்தில் மூழ்கியபடி கல்லீரல். எடை சுமார் ஒன்றரைக் கிலோ. உடம்புக்குள் அடர்ந்த செம்பழுப்பில் இருந்தது, ரத்தத்தை முழுக்கக் கழுவி எடுத்துவிட்டதால் இப்போது வெளிறிக் கிடக்கும். அறுவை அரங்கின் ஓரத்து மேசையில், ஐஸ் நிரப்பிய கிண்ணத்துக்குள் அதை வைத்து, ரத்தக்குழாய்களைச் சுற்றியுள்ள கொழுப்பையும் தேவையற்ற திசுவையும் மெதுவாக வெட்டி நீக்குகிறார்கள். மருத்துவர்கள் இதை 'பேக் டேபிள்' வேலை என்பார்கள். சில அடி தள்ளி, நோயாளியின் பழுதான கல்லீரலை வெளியே எடுக்கும் வேலை நடந்துகொண்டிருக்கும்.

இந்த இடத்தில் சர்ஜன் முன் நிற்கும் கேள்வி ஒன்றுதான்: இது வேலை செய்யுமா? கல்லீரலை விரலால் அழுத்திப் பார்க்கலாம். அதன் ஓரம் கூர்மையாக இருக்கிறதா, கொழுப்பேறி மழுங்கியிருக்கிறதா என்று பார்க்கலாம். ஒரு துணுக்கு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைக்கலாம். தானம் தந்தவரின் வயதும் ரத்தப் பரிசோதனை முடிவுகளும் கையில் இருக்கும். அதற்கு மேல் எதுவும் கிடைக்காது. குளிரில் உறங்கும் உறுப்பு எந்தப் பதிலும் சொல்லாது. பொருத்தி, ரத்தத்தைத் திறந்துவிட்ட பிறகுதான் பதில் வரும். அப்போது பழைய கல்லீரல் ஏற்கெனவே வெளியே போயிருக்கும்.

சிறுநீரகம் உடனே வேலை செய்யாவிட்டால் சில நாட்கள் டயாலிசிஸில் ஓட்டலாம். கல்லீரலுக்கு அப்படி நம்பகமான ஒரு மாற்று இல்லை. புதுக் கல்லீரல் விழிக்காவிட்டால் சில நாட்களுக்குள் இன்னொன்று வேண்டும், இல்லையென்றால் உயிர் போகும். அதனால் சந்தேகம் வரும்போது சர்ஜன் 'வேண்டாம்' என்று சொல்வது நியாயமான முடிவுதான். ஒரு குடும்பம் தன் துயரத்துக்கு நடுவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த உறுப்பு அப்படித்தான் பயன்படாமல் போகிறது. தானக் கல்லீரலைப் பாதுகாப்பது என்றதும் 'எத்தனை மணி நேரம் தாங்கும்?' என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். கடந்த 10, 15 ஆண்டுகளில் நடந்திருக்கும் பெரிய மாற்றம் வேறு இடத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். வெளியே எடுத்த கல்லீரலிடமே 'நீ வேலை செய்வாயா?' என்று கேட்டுப் பதில் வாங்க இப்போது முடிகிறது.

முதலில், குளிர் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் செல்லுக்குள் நடக்கும் வேதிவினைகளின் வேகம் ஏறக்குறைய பாதியாகும். 37 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்கு இறக்கினால் பத்தில் ஒரு பங்கு வேகமே மிஞ்சும். கவனிக்க வேண்டியது, அந்த ஒரு பங்கு மிஞ்சுகிறது என்பதைத்தான். செல் பசியோடுதான் இருக்கிறது, மெதுவான பசி. ரத்தம் வராததால் ஆக்சிஜன் கிடையாது, கையிருப்பு ஆற்றல் கரைந்துகொண்டே போகிறது.

மழைக்காலத்தில் தரைக்குக் கீழே பார்க்கிங் உள்ள அடுக்குமாடி வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். சுவர் வழியாகத் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும், மோட்டார் போட்டு இறைத்துக்கொண்டே இருப்பார்கள். கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தேங்கிவிடும். செல்லும் அப்படித்தான். உள்ளே கசியும் சோடியத்தை வெளியேற்ற அதன் சவ்வில் பம்புகள் ஓயாமல் ஓடுகின்றன. ஆற்றல் தீர்ந்தால் பம்பு நிற்கும். சோடியம் உள்ளே வரும், அதன் பின்னால் தண்ணீர் வரும், செல் வீங்கும்.

இந்த வீக்கத்தைத் தடுப்பதுதான் பாதுகாப்புத் திரவத்தின் முதல் வேலை. 1963-இல் அமெரிக்காவின் டென்வரில் சர்ஜன் தாமஸ் ஸ்டார்சல் மனிதரில் முதல் கல்லீரல் மாற்று அறுவையை ஒரு குழந்தைக்குச் செய்து பார்த்தார், அந்தக் குழந்தை பிழைக்கவில்லை. 1967-இல்தான் அவருடைய நோயாளி ஒருவர் ஓராண்டைத் தாண்டி வாழ்ந்தார். 1969-இல் ஜெஃப்ரி காலின்ஸும் அவருடைய சகாக்களும் சிறுநீரகத்துக்காக ஒரு திரவத்தை உருவாக்கினார்கள். அதைத் திருத்திய வடிவத்தில் கல்லீரலையும் வைத்தார்கள். ஆனால் 6, 8 மணி நேரத்துக்கு மேல் நம்ப முடியாது. எடுப்பவர்களும் பொருத்துபவர்களும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நள்ளிரவில் ஓடிய காலம் அது.

அதை மாற்றியவர்கள் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபோல்கர்ட் பெல்சரும் ஜேம்ஸ் சதர்டும். செல்லுக்குள் நுழைய முடியாத பெரிய மூலக்கூறுகளை வெளியே நிறுத்தினால், அவை தண்ணீரைத் தங்கள் பக்கமே பிடித்து வைத்துக்கொள்ளும் என்ற யோசனையை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பால் சர்க்கரையிலிருந்து கிடைக்கும் லாக்டோபயோனேட், பருப்பு பயறு வகைகளில் உள்ள ராஃபினோஸ் என்ற சர்க்கரை, இரண்டையும் சேர்த்தார்கள். பயறு சாப்பிட்டால் வயிறு உப்புகிறதே, அதற்குக் காரணமான சர்க்கரைகளில் ஒன்றுதான் இந்த ராஃபினோஸ். நம் குடலால் செரிக்க முடியாத அதே பொருள் இங்கே ஒரு கல்லீரலை வீங்காமல் காக்கிறது. இவற்றோடு கீல்வாதத்துக்குத் தரும் அலோபியூரினால், குளூட்டாதயோன், அடினோசின் எல்லாம் சேர்ந்தன. 1988-இல் அவர்கள் கல்லீரல் முடிவுகளை வெளியிட்ட பிறகு, அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சுருக்கி அழைத்த 'யூ.டபிள்யூ. திரவம்' உலகம் முழுக்கப் பரவியது. 12 மணி நேரம் இயல்பானது, சில சமயம் அதற்கு மேலும் போனார்கள். தூரத்து ஊரில் கிடைத்த உறுப்பும் கைக்கெட்டியது அப்போதுதான்.

இந்தத் திரவத்தில் பொட்டாசியம் மிக அதிகம், செல்லின் உட்புறத்தைப் போலவே. அதனால் புதுக் கல்லீரலைத் தைத்து முடித்து, ரத்தத்தைத் திறப்பதற்கு முன்னால் உள்ளே தேங்கிய திரவத்தைக் கழுவி வெளியேற்றியாக வேண்டும். அப்படியே திறந்துவிட்டால் அந்தப் பொட்டாசியம் மொத்தமாக இதயத்துக்குப் போய் அதை நிறுத்திவிடலாம்.

சரி, வீக்கத்தைத் தடுத்தாயிற்று. சேதம் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி, ரத்தம் திரும்பி வரும் அந்த நொடியில். ஆக்சிஜன் இல்லாத நேரத்தில் செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் சக்சினேட் என்ற பொருள் குவிந்துகொண்டே போகிறது. ரத்தம் பாய்ந்து ஆக்சிஜன் வந்ததும் அது ஒரேயடியாக எரிகிறது, எலக்ட்ரான்கள் வந்த வழியே பின்னோக்கித் தள்ளப்படுகின்றன, நாசம் செய்யும் ஆக்சிஜன் துணுக்குகள் வெடித்துக் கிளம்புகின்றன. 2014-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் சுண்டெலிகளில் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். பட்டினி கிடந்தவருக்குத் திடீரென விருந்து வைத்தால் உடம்பு தாங்காது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, கிட்டத்தட்ட அதுதான்.

இதில் அதிகம் அடிபடுவது பித்தநாளங்கள். கல்லீரலுக்கு ரத்தம் இரண்டு வழிகளில் வருகிறது. முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக, மீதி தமனி வழியாக. கல்லீரல் செல்களுக்கு இரண்டிலிருந்தும் கிடைக்கும். பித்தநாளங்களுக்குத் தமனி ஒன்றுதான் ஆதாரம். அதனால் அறுவை நன்றாக முடிந்து, நோயாளி வீட்டுக்குப் போய், சில மாதங்கள் கழித்து உள்ளுக்குள் பித்தநாளங்கள் சுருங்கி அடைத்துக்கொள்வது உண்டு. மஞ்சள் காமாலை, காய்ச்சல், திரும்பத் திரும்ப மருத்துவமனை, சிலருக்கு மறுபடியும் ஒரு கல்லீரல். இதயம் நின்ற பிறகு எடுத்த கல்லீரல்களில் இது அதிகம், ஏனென்றால் குளிர்வதற்கு முன்பே அவை ரத்தமில்லாமல் உடல் சூட்டில் சில நிமிடங்கள் தவித்திருக்கும். கொழுப்பு படிந்த கல்லீரலும் குளிரைச் சரியாகத் தாங்காது. வயதான, கொழுப்பேறிய, இதயம் நின்றபின் கிடைத்த உறுப்புகள் பல நாடுகளில் பெருகிவரும் காலத்தில், ஐஸ் பெட்டிக்குத் தாங்கும் திறன் போதவில்லை.

இங்கேதான் எந்திரம் வருகிறது, இன்னும் சரியாகச் சொன்னால் திரும்பி வருகிறது. யூ.டபிள்யூ. திரவம் செய்த அதே பெல்சர்தான் 1960களின் கடைசியில், சான் பிரான்சிஸ்கோவில் இருந்தபோது, சிறுநீரகத்துக்குள் குளிர்ந்த திரவத்தைப் பம்பு செய்து காக்கும் கருவியை உருவாக்கியவர். பெட்டியும் ஐஸும் எளிது, மலிவு, யார் வேண்டுமானாலும் தூக்கிப் போகலாம். அதனால் பெட்டி வென்றது. நல்ல உறுப்புகளே கிடைத்துக்கொண்டிருந்த வரை அது சரியான தேர்வாகவும் இருந்தது.

ஆக்ஸ்ஃபோர்டில் சர்ஜன் பீட்டர் ஃப்ரெண்டும் பொறியாளர் கான்ஸ்டன்டின் கூசியோஸும் பல ஆண்டுகள் சேர்ந்து செய்த எந்திரம், குளிரையே விட்டுவிட்டது. 2013-இல் லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் அதில் வைத்த கல்லீரல் முதல்முறையாக ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. தள்ளுவண்டி போன்ற அமைப்பு. மேலே ஒரு கிண்ணத்தில் கல்லீரல். ஒரு குழாய் தமனிக்குள், ஒன்று போர்ட்டல் சிரைக்குள், ஒன்று ரத்தத்தை வெளியே எடுத்துவர. ரத்த வங்கியிலிருந்து வந்த சிவப்பணுக்கள் ஆக்சிஜன் ஏறி, 37 டிகிரிக்குச் சூடாகி, உள்ளே சுற்றுகின்றன. ரத்தம் உறையாமல் ஹெபாரின், கூடவே இன்சுலின், ஊட்டச்சத்து, ஆன்டிபயாடிக்.

ஓட ஆரம்பித்த சில நிமிடங்களில் வெளிறிக் கிடந்த உறுப்பில் நிறம் ஏறுகிறது. முதலில் திட்டுத் திட்டாக, அப்புறம் ஓரம்வரை. தொட்டால் சூடாக இருக்கும். பித்தநாளத்தில் செருகிய மெல்லிய குழாய் கொஞ்ச நேரம் காலியாகவே கிடக்கும். பிறகு அதன் நுனியில் பொன்பழுப்பு நிறத்தில் ஒரு சொட்டு திரளும். அது பித்தம். எந்த உடம்போடும் சேராமல் கிண்ணத்தில் கிடக்கும் ஒரு கல்லீரல் தன் வேலையைச் செய்ய ஆரம்பித்திருக்கிறது.

இந்த நிலையில் அதைச் சோதிக்கலாம். சுற்றும் ரத்தத்தில் லாக்டேட் எவ்வளவு என்று அரை மணிக்கு ஒருமுறை பார்க்கலாம். ஆக்சிஜன் பஞ்சத்தில் சேர்ந்த கழிவு அது, நல்ல கல்லீரல் அதை விழுங்கிவிடும். அளவு இறங்கினால் செல்கள் உயிரோடு இருக்கின்றன. ரத்தத்தின் அமிலத்தன்மையைக் கல்லீரல் தானே சரிசெய்கிறதா, குளுக்கோஸைக் கையாள்கிறதா என்றும் பார்க்கலாம். பித்தத்தின் காரத்தன்மையை அளந்தால் பித்தநாளங்களின் நிலையும் தெரியவரும், ஏனென்றால் பைகார்பனேட்டைச் சேர்த்துப் பித்தத்தைக் காரமாக்குவது அந்த நாளங்களின் உட்சுவர்ச் செல்கள்தான்.

ஏழு ஐரோப்பிய மையங்களில் 220 கல்லீரல் மாற்று அறுவைகளை வைத்துச் செய்த ஒப்பீட்டு ஆய்வின் முடிவு 2018-இல் வந்தது. ஐஸ் பெட்டியோடு ஒப்பிட்டால் எந்திரத்தில் வைத்தவற்றில் சேதத்தைக் காட்டும் நொதி பாதியாகக் குறைந்திருந்தது, பயன்படுத்தாமல் விடப்பட்ட கல்லீரல்களும் பாதியாகக் குறைந்தன, சராசரி பாதுகாப்பு நேரம் 54 சதவீதம் கூடியிருந்தது. நோயாளிகள் உயிர் வாழ்வதிலும் பித்தநாளச் சிக்கலிலும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதிக உறுப்புகள், அதிக நேரம், அதே பாதுகாப்பு: அந்த ஆய்வு காட்டியது இவ்வளவு.

என்னை அதிகம் பாதித்தது 2020-இல் பர்மிங்ஹாம் குழு வெளியிட்டதுதான். பிரிட்டனில் எல்லா மையங்களும் வேண்டாம் என்று ஒதுக்கிய 31 கல்லீரல்களை மட்டும் எடுத்து எந்திரத்தில் வைத்தார்கள். நான்கு மணி நேரத்துக்குள் லாக்டேட் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியாக வேண்டும், அது முதல் நிபந்தனை. 22 கல்லீரல்கள் தேறின, பொருத்தப்பட்டன. 90 நாட்கள் கழித்து 22 பேரும் உயிரோடு இருந்தார்கள். குப்பைக்குப் போயிருக்க வேண்டிய உறுப்புகள் இவை. ஆனால் பின்னாளில் அவர்களில் 4 பேருக்குப் பித்தநாளம் சுருங்கி மறுபடியும் மாற்று அறுவை தேவைப்பட்டது. கல்லீரல் செல்லைப் பற்றிக் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் வந்தது, பித்தநாளத்தைப் பற்றி அன்றைக்குச் சரியாகக் கேட்கவில்லை. பித்தத்தை அளப்பதில் இவ்வளவு அக்கறை வந்தது இப்படிப்பட்ட அனுபவங்களால்தான்.

பித்தநாளத்துக்கு இதைவிட நல்ல மருந்து குளிரிலேயே இருந்தது. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரத்தில் ராபர்ட் போர்ட்டே குழுவினர், கல்லீரலைச் சூடாக்காமல் சுமார் 10 டிகிரியிலேயே வைத்து, ஆக்சிஜன் நிறைந்த குளிர்ந்த திரவத்தைத் தமனி, போர்ட்டல் சிரை இரண்டின் வழியாகவும் பொருத்துவதற்கு முன் இரண்டு மணி நேரம் செலுத்தினார்கள். மெதுவாக ஓடும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு மெதுவாக ஆக்சிஜன் கிடைக்கும்போது, குவிந்த சக்சினேட் வெடிக்காமல் அடங்கிக் கரைகிறது, ஆற்றல் கையிருப்பும் மறுபடி சேர்கிறது. பட்டினி கிடந்தவருக்கு முதலில் கஞ்சி. இதயம் நின்றபின் எடுத்த கல்லீரல்களைப் பெற்ற 156 பேரில் இதைச் சோதித்து 2021-இல் வெளியிட்டார்கள். அந்தக் கொடிய பித்தநாளச் சுருக்கம் ஐஸ் பெட்டிக் குழுவில் 18 சதவீதம் பேருக்கு, பம்பு வைத்த குழுவில் 6 சதவீதம் பேருக்கு. இரண்டு மணி நேரம் குளிர்ந்த ஆக்சிஜன் கொடுத்ததற்கு இவ்வளவு பலன்.

குளிர் எந்திரத்துக்கு இன்னொரு குணம் உண்டு. பம்பு நின்றுபோனால் கல்லீரல் குளிர்ந்த திரவத்தில் கிடக்கும், அதாவது பழைய ஐஸ் பெட்டி நிலைக்குத் திரும்பும், கெட்டுப்போகாது. சூடான எந்திரம் நின்றால் ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம். அதனால்தான் அதற்குப் பயிற்சி பெற்ற ஆள் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். குளிரில் பித்தம் சுரக்காதே, அப்போது கேள்விக்குப் பதில்? ஜூரிக் ஆய்வாளர்கள் அதற்கும் ஒரு வழி கண்டார்கள். மைட்டோகாண்ட்ரியா அடிபட்டிருந்தால் அதிலிருந்து ஃப்ளேவின் என்ற பொருள் திரவத்தில் கசியும். ஒளியைச் செலுத்தினால் அது ஒளிரும். எவ்வளவு ஒளிர்கிறது என்பதை வைத்து எவ்வளவு சேதம் என்று கணிக்கலாம்.

அதே ஜூரிக்கில் பியர்-அலன் கிளாவியென் குழு காலத்தை நாட்கணக்காக நீட்டியது. ஒரு வாரம் கல்லீரலை வெளியே வைப்பதென்றால், உடம்பு தினமும் யோசிக்காமல் செய்யும் எல்லாவற்றையும் எந்திரம் செய்ய வேண்டும். இன்சுலினும் குளுகோகானும் மாற்றி மாற்றிக் கொடுத்துச் சர்க்கரையைச் சமன்செய்வது, டயாலிசிஸால் கழிவை நீக்குவது, இவை எதிர்பார்க்கக்கூடியவை. நான் எதிர்பார்க்காதது, கல்லீரலை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது. நாம் மூச்சு விடும்போதெல்லாம் உதரவிதானம் கல்லீரலை மேலும் கீழும் அசைக்கிறது. அசையாமல் ஒரே பக்கமாகக் கிடந்தால், படுக்கையில் கிடக்கும் நோயாளிக்குப் புண் வருவதுபோல, அழுத்தம் விழும் இடத்தில் திசு சாகிறது. அதனால் அடியில் ஒரு விரிப்பை மூச்சின் தாளத்தில் உயர்த்தித் தாழ்த்தினார்கள். 2020-இல் வெளியிட்டபோது, ஒதுக்கப்பட்ட 10 மனிதக் கல்லீரல்களில் 6 ஒரு வாரம் வேலை செய்தன. 2021 மே மாதம், கட்டி இருந்ததால் எல்லோரும் மறுத்த ஒரு கல்லீரலை மூன்று நாள் எந்திரத்தில் வைத்து, அந்த அவகாசத்தில் கட்டி ஆபத்தில்லாதது என்று உறுதிசெய்து, ஒருவருக்குப் பொருத்தினார்கள். ஓராண்டு கழித்தும் அவர் நலமாக இருந்தார். நேரம் கிடைத்ததால் கேள்வி கேட்க முடிந்தது.

பூஜ்யத்துக்குக் கீழே போகும் முயற்சிகளும் உண்டு. பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை ஆய்வாளர்கள் 2019-இல் மனிதக் கல்லீரல்களை மைனஸ் 4 டிகிரியில், ஐஸ் படிகம் உண்டாகாமல் வைத்து, அவை வெளியே தாங்கும் காலத்தை 27 மணி நேரம் நீட்டிக் காட்டினார்கள். பையில் காற்றைத் துளியும் இல்லாமல் நீக்குவது அதில் ஒரு முக்கியமான படி, ஏனென்றால் காற்றும் திரவமும் தொடும் இடத்தில்தான் படிகம் எளிதாக முளைவிடும். ஆனால் அவை பொருத்தப்படவில்லை. இது நம் ஊர் மருத்துவமனைக்கு வர இன்னும் நாளாகும்.

நம் ஊர் என்று வந்தால், இந்தியாவில் நடக்கும் கல்லீரல் மாற்று அறுவைகளில் பெரும்பாலானவை உயிரோடு இருக்கும் உறவினர் தரும் பகுதிக் கல்லீரலைக் கொண்டு நடப்பவை. தருபவரும் பெறுபவரும் அடுத்தடுத்த அரங்குகளில் இருப்பதால் பாதுகாப்பு நேரம் அங்கே பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் அண்ணனுக்காகத் தம்பியின், அப்பாவுக்காக மகளின் ஆரோக்கியமான வயிற்றைக் கிழிக்கிறோம் என்பதை மறக்கக்கூடாது. மூளைச்சாவு அடைந்தவர்களின் கல்லீரல் வீணாகாமல் கிடைத்தால் அந்தச் சுமை குறையும். 2008-இல் மூளைச்சாவு அடைந்த ஒரு பதின்வயதுச் சிறுவனின் இதயத்துக்காகச் சென்னைச் சாலைகளை ஒதுக்கிக் கொடுத்ததை இந்த மாநிலம் இன்னும் நினைவில் வைத்திருக்கிறது. அதன் பிறகு போக்குவரத்தை நிறுத்தி வழிவிடுவதில் நாம் தேர்ந்துவிட்டோம். திருநெல்வேலியில் எடுத்த கல்லீரல் 600 கிலோமீட்டர் கடந்து சென்னைக்கு வர முடிகிறது.

இனி வேண்டியது, வந்து சேர்ந்த இடத்தில். சூடான எந்திரத்தில் ஒவ்வொரு முறையும் புதிதாக மாற்றும் குழாய்த் தொகுதி, வங்கி ரத்தம், பயிற்சி பெற்ற ஆள் என்று செலவு கூடிக்கொண்டே போகும். அதை எல்லா ஊருக்கும் கொண்டுவருவது இன்றைக்கு நடக்காத காரியம். ஆனால் பயணம் வழக்கம்போல ஐஸ் பெட்டியில் நடக்கட்டும். பொருத்தும் மருத்துவமனையில், பேக் டேபிள் வேலை முடிந்ததும், பழைய கல்லீரலை எடுக்கும் அந்த நேரத்திலேயே, இரண்டு மணி நேரம் குளிர்ந்த ஆக்சிஜன் பம்பு. உறுப்போடு பயணம் செய்யும் எந்திரம் வேண்டாம், பெரிய அரசு மருத்துவமனைகளில் தலா ஒன்று நிலையாக இருந்தால் போதும். நமக்குப் பொருந்துவது இந்த வழிதான் என்று நினைக்கிறேன்.

2023 செப்டம்பரில், உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச்சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஆட்சியரோ அதிகாரியோ மாலையோடு போய் நிற்கும் படங்களை அடிக்கடி பார்க்கிறோம். அந்த மாலை வைப்பதற்குச் சில மணி நேரம் முன்பு, வேறொரு ஊரின் அறுவை அரங்கில், அவருடைய கல்லீரல் பொடித்த ஐஸுக்கு நடுவே இருந்திருக்கும். ஒரு சர்ஜன் கையுறை போட்ட விரலால் அதன் ஓரத்தை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.